சக்கர விளையாட்டுத் திடலை இளைஞர்களோடு சேர்ந்து வடிவமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஸ்கேட்போர்டு, சாகசத்துக்கான சிறிய பிஎம்எக்ஸ் சைக்கிள், காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டர், ரோலர் ஸ்கேட், சக்கர நாற்காலி என எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு திடல் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் பதின்வயதினர். பணம் ஒதுக்குபவர், வரைபடம் போடுபவர், ஒப்புதல் தருபவர் எல்லோரும் பெரியவர்கள். அவர்களில் பலர் ஒரு நாள்கூட ஸ்கேட்போர்டில் ஏறி நின்றிருக்க மாட்டார்கள்.

இந்த இடைவெளி கான்கிரீட்டில் அப்படியே பதிந்துவிடும். ராம்ப்பிலிருந்து (ஏறி இறங்கும் சாய்வுத் தளம்) வேகமாக இறங்கிவரும் பாதையில் ஒரு பெஞ்ச் இருக்கும். அழகாக ஒரு ரெயில், அதாவது மேலே சறுக்கிப் போக ஓர் இரும்புக் கம்பி, நட்டிருப்பார்கள், அதை நோக்கி வேகமெடுக்க நாலு அடி இடம் இருக்காது. தரையில் இரண்டு பாளங்கள் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு இருக்கும். ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டின் சக்கரம் ஏறக்குறைய 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, நல்ல கெட்டி. ஒரு சின்னக் கூழாங்கல் சிக்கினாலே பலகை சட்டென்று நிற்கும், மேலே இருப்பவர் முன்னால் போய் விழுவார். இதெல்லாம் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு அத்துப்படி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கான்கிரீட் திடல் எளிதில் அழிவதில்லை. லண்டன் அருகே ஹார்ன்சர்ச்சில் 1978ல் திறந்த ரோம் ஸ்கேட் பார்க், 2014ல் பாதுகாக்கப்பட்ட கட்டுமானமாக அறிவிக்கப்பட்டது. நல்ல வடிவமைப்பு அத்தனை காலம் நிற்கும் என்றால், மோசமானதும் அப்படித்தான் நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் பேசியதால் வரைபடத்தில் எந்தக் கோடு மாறியது என்று உங்களால் காட்ட முடியவில்லையென்றால், நீங்கள் நடத்தியது ஆலோசனை ஆகாது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கோடு மாறுவதற்கான வழிகள்தான்.

படி 1: எது முடிவாகிவிட்டது, எது அவர்கள் கையில் என்று எழுதிக்கொள்ளுங்கள்

குழந்தைகள் பங்கேற்பு பற்றி ரோஜர் ஹார்ட் 1992ல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாக அதை விளக்கினார். அதன் கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைகளைத் தூண்டிவிட்டுப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்கு ஒருவரை உட்கார வைப்பது. எல்லாம் முடிவான பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு சுவரோவியத்துக்கு நிறம் கேட்பது இந்த வகையைச் சேர்ந்தது. அவர்களுக்கு அது உடனே புரிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள்.

அதனால் முதல் கூட்டத்துக்கு முன்பே மூன்று பட்டியல் போடுங்கள். மாற்றவே முடியாதவை முதல் பட்டியல்: மொத்தப் பணம், நிலத்தின் எல்லை, நிலத்தடியில் போகும் குழாய்கள், சட்டப்படியான பாதுகாப்பு விதிகள். பேசித் தீர்மானிக்கக்கூடியவை இரண்டாவது: வெளிச்சம், நிழல், வேலி, திறந்திருக்கும் நேரம். முழுக்க அவர்களே முடிவெடுப்பவை மூன்றாவது. இந்த மூன்றாவது பட்டியலில் கனமான விஷயம் இருக்க வேண்டும். எந்த அமைப்புகள் வேண்டும், அவை எந்த வரிசையில் அமைய வேண்டும், ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் எத்தனை வாக்கு என்பதெல்லாம் அதில் வரட்டும்.

1989ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12வது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம், அதற்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்கிறது. அதிகாரிகளிடம் பேசும்போது இது கை கொடுக்கும். இன்னொன்றும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 2021ல் நடந்த அந்தப் போட்டியில் படிக்கட்டு, கைப்பிடி போன்ற தெரு அமைப்புகளில் ஓட்டும் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம், வெள்ளி இரண்டையும் வென்றவர்கள் 13 வயதுப் பிள்ளைகள். வளைந்த குழிகளில் ஓட்டும் பார்க் பிரிவில் வெள்ளி வாங்கிய கொகோனா ஹிராக்கிக்கு வயது 12. “சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?” என்று கேட்பவருக்கு இதைச் சொல்லுங்கள்.

படி 2: வருகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள்

அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினால், ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்த, வாய் பேசத் தெரிந்த சில பையன்கள் வருவார்கள். அவர்கள் தேவைதான். ஆனால் அவர்களோடு நின்றால், அவர்களுக்கு மட்டுமான திடல்தான் கிடைக்கும்.

இப்போது எங்கே ஓட்டுகிறார்களோ அங்கே போங்கள். வாகன நிறுத்துமிடம், மூடிய கடை வாசல், பாலத்தடி என்று எல்லா ஊரிலும் ஒரு இடம் இருக்கும். முதலில் போய் சும்மா உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள். அமெரிக்காவின் போர்ட்லாண்டில் பர்ன்சைடு பாலத்தடியில் 1990ல் ஸ்கேட்டர்களே அனுமதி கேட்காமல் கான்கிரீட் பூசி ஒரு திடலை உருவாக்கினார்கள். பிறகு நகர நிர்வாகம் அதை ஏற்றுக்கொண்டது. பிள்ளைகள் தாமாகத் தேடிப் பிடித்த இடத்தில் நிழல், மழை படாத தரை, போலீஸ் விரட்டாத மூலை என்று ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தாலே பாதி வடிவமைப்பு முடிந்தது போல.

அடுத்து, அங்கே யார் இல்லை என்று பாருங்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வியன்னாவில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், பத்து வயதை ஒட்டிப் பெண் பிள்ளைகள் பொதுப் பூங்காக்களிலிருந்து விலகிப்போவது தெரியவந்தது. பிறகு சில பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். ஒரே பெரிய திறந்தவெளியாக விடாமல் பல சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதைகள் போட்டார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சக்கரத் திடலுக்கும் இது பொருந்தும். உள்ளே நுழைந்ததும் எல்லோர் கண்ணும் படுகிற நடு இடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், புதிதாக வருபவர் திரும்பிப் போய்விடுவார். ஓரமாகப் பழக ஒரு தட்டையான பகுதி, வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வழி, உட்கார்ந்து பேச இடம், கழிப்பறை என்ற தேவைகளைப் பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டால்தான் தெரியவரும். தனியாகக் கேட்பது முக்கியம். கலந்த கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவர் சொல்வதே முடிவாகிவிடும்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளைப் பார்வையாளர்களாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆரன் ஃபாதரிங்ஹாம் 2006ல் சக்கர நாற்காலியில் பின்பக்கப் பல்டி அடித்துக் காட்டியதும் ஸ்கேட் பார்க்கில் பழகித்தான். ராம்ப்பின் மேல்தளத்துக்குப் படிக்கட்டு மட்டும் இருந்தால் அவர்களால் மேலே போகவே முடியாது. சாய்தளம் வைத்தால் ஸ்கூட்டரை இழுத்து வரும் ஆறு வயதுக் குழந்தைக்கும் அதுவே வசதி.

இன்னும் சக்கரத்தில் ஏறாத பிள்ளைகள், பக்கத்துப் பள்ளியில் படிப்பவர்கள், தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வருபவர்கள் ஆகியோரிடமும் ஒரு சுற்று பேசிவிடுங்கள்.

படி 3: ஏற்பாடுகள்

பெற்றோர் அனுமதி எழுத்தில் வாங்குங்கள். எந்தக் கூட்டத்திலும் பொறுப்பான பெரியவர்கள் குறைந்தது இருவர் இருக்கட்டும். புகைப்படத்துக்குத் தனியாக ஒப்புதல் கேளுங்கள். தேர்வுக் காலத்தில் கூட்டம் வைக்காதீர்கள். போக்குவரத்துச் செலவைக் கொடுங்கள். வடிவமைப்பாளருக்குக் கட்டணம் உண்டு, அதே மேசையில் மாதக்கணக்கில் உட்காரும் இளைஞருக்கு ஒன்றுமில்லை என்றால் அது நியாயமில்லை. ஊக்கத்தொகை, சான்றிதழ், எது முடியுமோ அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: இடத்தைச் சேர்ந்து போய்ப் பாருங்கள்

நிலம் இன்னும் முடிவாகவில்லை என்றால், இரண்டு மூன்று இடங்களுக்கு அவர்களோடு நடந்து போங்கள். ஒரு தடவை மாலையிலும் போங்கள். தெருவிலிருந்து திடல் தெரிகிறதா, இருட்டிய பின் வீடு திரும்பும் பாதை எப்படி இருக்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும், மழை பெய்தால் எங்கே தேங்கும் என்று ஒவ்வொருவரும் குறித்து வரட்டும். மரத்தடி நிழல் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உதிரும் இலையும் விதையும் கான்கிரீட்மேல் விழுந்தால் சக்கரம் வழுக்கும், சிக்கும். நிழல் உட்காரும் இடத்துக்கும், திறந்த வானம் ஓட்டும் இடத்துக்கும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாகக் கிடைக்கும் நிலத்தில் எதிர்ப்பு இருக்காது என்பதற்காக மட்டும் அதைப் பிடித்துவிடாதீர்கள். தனியாகப் போகப் பயப்படும் பிள்ளைகள் அங்கே வரவே மாட்டார்கள்.

படி 5: வடிவமைப்புப் பட்டறை

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் வீடியோவில் பார்த்த மிகப் பெரிய பவுல் (கிண்ணம் போல் குழிந்த ஓட்டுமிடம்), மிக உயரமான ராம்ப், நீளமான படிக்கட்டு என்றுதான் பட்டியல் வரும். “போன வாரம் எங்கே ஓட்டினாய், எங்கே நிறுத்த வேண்டிவந்தது, ஏன்?” என்று கேளுங்கள். பதிலில் தேவை தானாக வெளிவரும்.

அப்புறம் களிமண்ணைக் கையில் கொடுங்கள். 20 மீட்டருக்கு 30 மீட்டர் நிலம் என்றால், 1:50 அளவில் அது 40 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர் பலகை. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள குவார்ட்டர் பைப் (வளைந்து மேலெழும் ராம்ப்) அதில் 3 சென்டிமீட்டர். அதே அளவில் வெட்டிய சின்ன அட்டை மனிதர்களையும் வைத்துவிட்டால், எது எவ்வளவு பெரியது என்பது பேசாமலே விளங்கும். நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாக உட்கார வைத்து, ஒவ்வொரு குழுவிலும் வேறு வேறு சக்கரம் ஓட்டுபவர்களைக் கலந்துவிடுங்கள்.

மாதிரி உருவானதும் எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதிரியையும் மேலிருந்து படமெடுத்துப் பெரிதாக அச்சிடுங்கள், மேலே மெல்லிய டிரேசிங் தாளை விரியுங்கள். ஸ்கேட்போர்டுக்கு ஒரு நிறம், பிஎம்எக்ஸுக்கு ஒன்று, ஸ்கூட்டருக்கு ஒன்று, ரோலர் ஸ்கேட்டுக்கு ஒன்று. ஒவ்வொருவரும் தான் ஓட்டப்போகும் லைனை, அதாவது எங்கிருந்து கிளம்பி எதன்மேல் ஏறி எங்கே திரும்புவோம் என்பதை, வரையட்டும். நிறங்கள் பின்னிக்கிடக்கும் இடம்தான் நாளைக்கு இருவர் மோதிக்கொள்ளும் இடம். ஒரு கோடும் போகாத மூலை வீண். அங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம், பெஞ்சையும் குடிநீரையும் வையுங்கள். கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியும் தெளிவாகாதது இந்தத் தாளில் பத்து நிமிடத்தில் தெரியும்.

அடுத்தது முழு அளவு. ஒரு காலி வாகன நிறுத்துமிடத்தில் சாக்பீஸாலும் டேப்பாலும் வடிவத்தைத் தரையில் அப்படியே வரையுங்கள். ஓட்டிப் பார்க்கட்டும். தாளில் போதும் என்று தோன்றிய இடம் தரையில் பற்றாது. லெட்ஜை, அதாவது விளிம்பில் சறுக்குவதற்கான தாழ்வான திண்டை, நோக்கி வர நல்ல பழக்கமுள்ளவருக்கு இரண்டு உந்தல் போதும், புதியவருக்கு நான்கு ஐந்து வேண்டும். குதித்து இறங்கிய பிறகு நிலைகொள்ளவும் தூரம் வேண்டும். சாக்பீஸ் கோட்டை அழித்து அழித்துத் தள்ளி வரைவார்கள். கடைசியாக நின்ற கோட்டை அளந்து வடிவமைப்பாளரிடம் கொடுங்கள்.

நகர்த்தக்கூடிய ராம்ப் இரவல் கிடைத்தால் அதையும் கொண்டுவாருங்கள். ஒரு மீட்டர் உயரமே தொடக்கக்காரருக்கு மேலே நின்று பார்க்கும்போது எவ்வளவு பயமாக இருக்கும் என்பது அதில் ஏறியவருக்குத்தான் தெரியும். ஒப்புதல் தரும் அதிகாரியையும் ஒரு தடவை மேலே ஏறி நிற்கச் சொல்லுங்கள்.

படி 6: சண்டை வரட்டும்

ஸ்கேட்போர்டுக்காரருக்கும் ஸ்கூட்டர் பிள்ளைகளுக்கும் ஒத்துப்போகாது. பிஎம்எக்ஸ் சைக்கிளின் பெக் (சக்கர அச்சிலிருந்து நீட்டி நிற்கும் குழாய்), லெட்ஜ் விளிம்பைத் தகர்த்துவிடும் என்று ஸ்கேட்டர்கள் குறை சொல்வார்கள். அது உண்மையும்கூட. ஆனால் விளிம்பில் இரும்புக் கோணச் சட்டம் பதித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பழகியவர்கள் பெரிய பவுல் கேட்பார்கள், சிறுவர்கள் பம்ப் டிராக் (மேடும் பள்ளமுமான சுற்றுப்பாதை) கேட்பார்கள். இவற்றை மழுப்பாமல் மேசைமேல் கொண்டுவாருங்கள். கட்டிய பிறகு திடலில் அடித்துக்கொள்வதைவிட இப்போது வாதாடுவது மேல்.

இதற்கு உதவுவது செலவுச் சீட்டு. ஒவ்வொரு அமைப்பையும் ஒரு சீட்டில் எழுதி, அதன் உண்மையான செலவின் விகிதத்தில் புள்ளி போடுங்கள். விகிதத்தை அனுபவமுள்ள கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள். மொத்தப் புள்ளி நிரந்தரம். ஆழமான பவுல் ஒன்றை எடுத்தால் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று கண்ணெதிரே பார்த்ததும், பிடிவாதமாக இருந்தவர்களே பேரம் பேசத் தொடங்குவார்கள். விளக்கும் கழிப்பறையும் சீட்டுக்கட்டில் இருக்கக் கூடாது. அவை அடிப்படைத் தேவை. ரெயிலா கழிப்பறையா என்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வைப்பது தவறு.

படி 7: வடிவமைப்பாளரையும் கட்டுநரையும் தேர்ந்தெடுத்தல்

நடைபாதை போட்ட அனுபவம் மட்டும் உள்ளவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வளைவான சுவருக்குப் பெரும்பாலும் கான்கிரீட்டைத் தெளித்து, கையால் வளைவு பார்த்துத் தேய்க்கிறார்கள். கோப்பிங் எனப்படும் விளிம்புக் குழாய் சில மில்லிமீட்டர் துருத்தல் மாறினாலே ஓட்டுகிறவரின் காலுக்குத் தெரியும். ஸ்கேட் பார்க் கட்டிய முன்னனுபவத்தை ஒப்பந்த நிபந்தனையாகவே வையுங்கள். ஐரோப்பாவில் ஸ்கேட் பார்க் பாதுகாப்புக்கென்று இஎன் 14974 என்ற தரநிலை இருக்கிறது. உங்கள் நாட்டில் தனி விதி இல்லையென்றால் வடிவமைப்பாளரோடு பேச இது நல்ல தொடக்கம்.

தேர்வுக் குழுவில் இளைஞர்கள் இருவராவது இருக்கட்டும், முழு வாக்கோடு. விண்ணப்பித்தவர்கள் முன்பு கட்டிய திடலில் அவர்கள் போய் ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடலாம். பளபளப்பான படங்களைவிட அந்த மதிப்பெண்ணை நான் அதிகம் நம்புவேன்.

படி 8: வரைபடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து காட்டுங்கள்

முதல் வரைவு வந்ததும் அதே பிள்ளைகளிடம் போக வேண்டும். மேலிருந்து பார்க்கும் தளவரைபடம் மட்டும் போதாது. குறுக்குவெட்டும் முப்பரிமாணக் காட்சியும் வேண்டும். கூடவே மூன்று பத்தி கொண்ட ஒரு தாள்: நீங்கள் சொன்னது, நாங்கள் மாற்றியது, மாற்ற முடியாததும் அதன் காரணமும். மூன்றாவது பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். “பவுல் ஆழத்தைக் குறைத்தோம், அதற்குக் கீழே நிலத்தடி நீர் இருக்கிறது” என்று நேராகச் சொன்னால் பதினான்கு வயதுப் பிள்ளையும் ஏற்றுக்கொள்ளும். சொல்லாமல் மாற்றினால் அதோடு நம்பிக்கை போச்சு.

அக்கம்பக்கத்தார் கூட்டத்தையும் இந்தக் கட்டத்தில் வையுங்கள். சத்தம்தான் முதல் கேள்வியாக வரும். உள்ளே வெற்றிடமுள்ள மர, தகர ராம்ப்களைவிடத் திடமான கான்கிரீட் சத்தம் குறைவு. அதை வடிவமைப்பாளர் விளக்கட்டும். மற்றதை இளைஞர்களே பேசட்டும். தங்கள் பேரனை ஒத்த ஒரு பிள்ளை எழுந்து, “இப்போது எங்களுக்கு ஓட்ட ரோடுதான் இருக்கிறது” என்று சொல்லும்போது அந்த அறையில் பேச்சின் தொனியே மாறும். யாராவது கடுமையாகப் பேசினால் எப்படிப் பதில் சொல்வது என்று முன்னாலேயே பழக்கிவிடுங்கள். பிள்ளைகளைத் தனியாக மாட்டிவிடாதீர்கள்.

படி 9: காத்திருக்கும் காலம்

நிதி, ஒப்புதல், டெண்டர் எல்லாம் முடிய வருடங்கள் ஆகலாம். முதல் கூட்டத்துக்கு வந்த 15 வயதுப் பிள்ளை திறப்பு விழாவின்போது வேலைக்குப் போயிருக்கலாம். பெரியவர்கள் கணக்கில் மூன்று வருடம் பெரிதில்லை, அவர்களுக்கோ அது பதின்வயதில் பாதி. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் சிறியவர்கள் சிலரைக் குழுவில் சேர்த்துக்கொண்டே இருங்கள். மாதம் ஒரு முறை, ஒன்றும் நடக்காவிட்டாலும், “ஒன்றும் நடக்கவில்லை, காரணம் இது” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். இடையில் ஒரு தற்காலிக ராம்ப், வாரம் ஒரு நாள் வாகனங்களுக்கு மூடப்படும் தெரு என்று கையில் பிடிக்கும்படி ஏதாவது கொடுங்கள்.

கட்டுமானம் தொடங்கியதும் மிக முக்கியமான ஒரு நாள் உண்டு. அச்சுப் பலகை அடித்து, கோப்பிங் பொருத்தி, கான்கிரீட் விழும் முன்னான நாள். அன்றைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்பு உடையும் போட்டு, ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் சிலர் கட்டுநரோடு சுற்றி வரட்டும். கோப்பிங் சரியா, ரெயில் உயரம் சொன்னபடிதானா என்று அன்று பார்த்தால்தான் திருத்தலாம். இந்த நாளை ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். ஊற்றிய கான்கிரீட்டின் வலிமையை வழக்கமாக 28வது நாளில்தான் சோதிப்பார்கள். கட்டுநர் சரியென்று சொல்லும்வரை யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும் அதே பிள்ளைகள்தான் நல்ல காவல்.

படி 10: திறந்த பிறகு

விதிப்பலகையை அவர்களே எழுதட்டும். மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில் 2015ல் அமைந்த ஸ்கேட் பார்க்கில் இரண்டு விதிகள் பெயர் பெற்றவை: பள்ளிக்குப் போகாவிட்டால் ஸ்கேட்டிங் இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதல் உரிமை. சின்ன விதிகள், எல்லோருக்கும் புரிபவை. உங்கள் இடத்துக்கு எது பொருந்துமோ அதை அங்குள்ள பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். முறை வைத்து ஓட்டுவது, புதியவருக்கு வழிவிடுவது, காலையில் ஒரு நேரத்தைத் தொடக்கக்காரருக்கு ஒதுக்குவது போன்றவை அதில் வரலாம்.

கட்டுமானப் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தொடாமல் வையுங்கள். எவ்வளவு கவனமாக வரைந்தாலும் ஒரு பெஞ்ச் தவறான இடத்தில் இருக்கும், ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கும். முதல் சில மாதங்கள் வெவ்வேறு நேரத்தில் போய் யார் வருகிறார்கள், யார் ஓரமாக நின்றுவிட்டுப் போகிறார்கள் என்று குறித்து வாருங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடி கூட்டம் போடும்போது, வடிவமைப்பில் இருந்தவர்களோடு, அப்போது சின்னவர்களாக இருந்து இப்போது புதிதாக வரத் தொடங்கியிருக்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒதுக்கி வைத்த அந்தப் பணத்தை எதில் செலவழிப்பது என்று இந்த முறை அவர்கள் முதலில் சொல்லட்டும்.